குழலின் அளவும் ரவையின் பரவலும்

இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றுக்கு முறைப்படி உரிமம் பெற்று, பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டில் இறங்க விரும்பும் ஒருவர் துப்பாக்கிக் கடையின் படியேறும்போது முதலில் எதிர்ப்படும் கேள்வி, பன்னிரண்டு போரா, இருபது போரா என்பதுதான். அதற்கு அவர் பெறுகிற விடைகளோ, பெரும்பாலும் விடை சொல்பவருடைய பாட்டனார் எதை வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. சிறிய துளையுள்ள குழல் ரவையைக் கூட்டமாக வைத்திருக்கும் என்பார் ஒருவர். நீண்ட குழலின் ரவைதான் தூரம் போகும் என்பார் மற்றொருவர். பன்னிரண்டு போரின் ரவைக்கு உரம் அதிகம் என்பார் மூன்றாமவர். இம்மூன்று அபிப்பிராயங்களும் பிழையானவை. அவை பிழை என்பதை வாதத்தால் நிலைநாட்டுவதைக் காட்டிலும், ஒரு பெரிய காகிதத்தை நிறுத்தி, அளந்த தூரத்திலிருந்து சுட்டு, துளைகளை எண்ணிப் பார்ப்பதே சுலபமான மார்க்கமாகையால், அதைச் செய்யும் முறையை இந்த அத்தியாயம் படிப்படியாக விவரிக்கும்.

புதுக்கோட்டையில் இருப்பவருக்கு இவ்விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. தட்டுச் சுடுதல் என்பது வடநாட்டு அரச குடும்பங்களின் பொழுதுபோக்கு என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், நம் ஊரை ஆண்ட தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிராப் என்னும் தட்டுச் சுடும் போட்டியின் ஆடவர் அணிப் பிரிவில் கினான் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து தங்கம் வென்றவர்; மறு வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் டிராப் தனிநபர் பிரிவில் கலந்துகொண்டவர். அந்த ஆசியப் போட்டியில் மூவருமாக 375 தட்டுகளில் 361ஐ உடைத்தார்கள். ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுடுகளம் இந்த ஊரிலேயே இருப்பதால், கீழே சொல்லப்படும் பரீட்சையைச் செய்வதற்கு நெடுந்தூரம் பயணம் போக வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாகையால், போட்டிக்குத் தயாராகிறவர் தேர்தல் காலத்தை மனத்தில் வைத்துத் தம் பயிற்சியை வகுத்துக்கொள்வது நல்லது.

வேட்டையைப் பற்றி இந்நூலில் ஒரு வரியும் கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. விராலிமலைப் பக்கத்து மயில் கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டது என்பதும் சட்டத்தின் முன் ஒரு சமாதானமாகாது.

காகிதப் பரீட்சையைச் சொந்தத் தோட்டத்திலோ தைலமரக் காட்டிலோ கண்மாய்க் கரையிலோ செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சுடுகளத்தில், அதன் பொறுப்பாளர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும். இது சட்டத்துக்காக மட்டும் சொல்வதன்று. ஏன் என்பதைச் 'சுடுவதற்குமுன் செய்ய வேண்டியவை' என்ற பகுதியில் காண்க.

போர் என்ற எண்

ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது பன்னிரண்டு போர். இருபதாக வார்த்தால் இருபது போர். ஆகவே எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். பாயிண்ட் 410 என்பது மட்டும் இந்தக் கணக்குக்குப் புறம்பானது. அது அங்குலத்தில் சொன்ன நேரான விட்டம்.

வாசகர் அறிந்துகொள்ள வேண்டிய எண்கள் இவ்வளவே. எல்லாவற்றிலும் 2.4 மில்லிமீட்டர் ஈய ரவை என்று கொண்டு, வழக்கமான தோட்டாவில் உள்ள ரவைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழத் தருகிறேன்.

- 12 போர்: துளை 18.5 மி.மீ.; 24 கிராம் தோட்டாவில் 300 ரவை, 28 கிராமில் 350, 32 கிராமில் 400.
- 16 போர்: துளை 16.8 மி.மீ.; 28 கிராமில் 350.
- 20 போர்: துளை 15.6 மி.மீ.; 24 கிராமில் 300.
- 28 போர்: துளை 14 மி.மீ.; 21 கிராமில் 264.
- பாயிண்ட் 410: துளை 10.4 மி.மீ.; 14 கிராமில் 176.

ரவையின் உரத்தைப் பற்றிய நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடலாம். 2.4 மி.மீ. ரவை ஒன்று, குழல்வாயை ஒரே வேகத்தில் விட்டுப் புறப்பட்டால், அது எந்தப் போரிலிருந்து வந்தது என்று காற்றுக்குத் தெரியாது. 36 மீட்டரில் அதன் வேகம் புறப்பட்டபோது இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கும். எந்தக் குழலிலிருந்து வந்தாலும் அப்படியே. பெரிய போர் தருவது பலத்த ரவையை அன்று, அதிக ரவையை.

பரவலை நிர்ணயிப்பது சோக்

குழல்வாயருகே துளையைச் சிறிது குறுக்கிவிடுவதைச் சோக் என்கிறோம். பன்னிரண்டு போரில் முழுச் சோக் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்கமே; அரைச் சோக் அதில் பாதி. இவ்வளவு சிறிய இந்தக் குறுக்கம் ரவைக் கூட்டத்தை எவ்வளவு தூரம் கட்டிவைக்கிறது என்பது ஆச்சரியமான விஷயம். 40 கெஜ தூரத்தில், அதாவது 36.6 மீட்டரில், 30 அங்குல, அதாவது 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் தோட்டாவின் ரவையில் நூற்றுக்கு எத்தனை விழுகின்றன என்பதே சோக்கை அளக்கும் வழக்கமான முறை: சோக் இல்லாத நேர்க்குழலில் 40, கால் சோக்கில் 55, அரைச் சோக்கில் 60, முக்கால் சோக்கில் 65, முழுச் சோக்கில் 70.

இந்தச் சதவீதங்கள் போரைப் பொறுத்தவை அல்ல என்பதே இந்த அத்தியாயத்தின் சாரம். முழுச் சோக் வைத்த இருபது போரும் முழுச் சோக் வைத்த பன்னிரண்டு போரும் ஏறத்தாழ ஒரே அகலத்துக்கு ரவையைப் பரப்புகின்றன. அந்த அகலத்துக்குள் எத்தனை ரவை இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. ஆயினும் ஒரு விலக்கைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஒரே எடையுள்ள ரவையை ஒடுங்கிய குழலில் அடைக்கும்போது ரவைத் தூண் உயரமாகி, மருந்து வெடிக்கும் கணத்தில் அடியிலுள்ள ரவைகள் மேலுள்ளவற்றின் பாரத்தால் நசுங்குகின்றன. நசுங்கிய ரவை நேராகப் பறப்பதில்லை, ஓரத்துக்கு விலகுகிறது, பின்தங்கவும் செய்கிறது. மென்மையான ஈயமும் பழைய காலத்து அட்டை அடைப்பும் உள்ள தோட்டாவில் இந்தச் சேதம் மிகுதி. கடின ஈயமும் ரவையைச் சூழும் பிளாஸ்டிக் கிண்ணமும் உள்ள போட்டித் தோட்டாவில் குறைவு. ஆகையால் சிறிய போரைச் சோதிப்பவர் தோட்டாவை மலிவாக வாங்கிவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்லக் கூடாது.

தேவையான பொருள்கள்

1. 120 சென்டிமீட்டர் சதுரமான பழுப்புக் காகிதம், ஒவ்வொரு வேட்டுக்கும் ஒன்றாக. அச்சகங்களிலும் பார்சல் கடைகளிலும் சுருளாகக் கிடைக்கும்.
2. மூங்கிலாலோ மெல்லிய மரச் சட்டத்தாலோ ஆன நிறுத்தி. இரும்புச் சட்டம் கூடாது. ரவை திரும்பி வரும்.
3. 50 மீட்டர் அளவு நாடா.
4. 38 சென்டிமீட்டர் நூல், ஓர் ஆணி, ஒரு தடித்த பேனா.
5. அட்டையில் வெட்டிய 11 சென்டிமீட்டர் நீளமும் 2.5 சென்டிமீட்டர் அகலமுமான துண்டு. இது பக்கவாட்டில் பார்த்த போட்டித் தட்டின் அளவு. எதற்கென்று பின்னால் விளங்கும்.
6. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்கள், குழல் ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து. பத்து என்றால் மேலும் திருப்தி.
7. காதடைப்பான், கண்ணாடி. காகிதம் மாற்ற வருபவருக்கும் சேர்த்து.

குறிப்பு: ரவையின் எண்ணைப் பார்த்து மட்டும் தோட்டா வாங்காதீர்கள். ஆங்கிலேய முறையில் 7ஆம் எண் ரவை அமெரிக்க முறையில் ஏழரை. நம் நாட்டில் இரு முறைத் தோட்டாக்களும் புழக்கத்தில் இருக்கின்றன. பெட்டியில் மில்லிமீட்டர் எழுதியிருந்தால் அதையே நம்புங்கள்.

சுடுவதற்குமுன் செய்ய வேண்டியவை

இப்பகுதியைப் படிக்காமல் அடுத்ததற்குப் போகிறவர், தயவுசெய்து இந்தப் புத்தகத்தையே மூடிவிடலாம்.

1. துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளும் காலியாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயப்படுத்துங்கள்.

2. பின்வாயிலிருந்து குழலுக்குள் வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பரணிலோ அலமாரியிலோ சில மாதம் கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது அபூர்வமன்று. அந்தக் கையளவு மண் போதும், குழல் வெடித்துப் பிளப்பதற்கு.

3. தோட்டா அறையின் நீளம் குழலின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும்: 65, 70 அல்லது 76 மில்லிமீட்டர். அறையைவிட நீளமான தோட்டா மூடும்போது எதிர்ப்புக் காட்டாமல் நுழைந்துவிடும். வெடித்தபின் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஆகையால் "நுழைகிறதே" என்பது ஓர் அத்தாட்சி ஆகாது.

4. பாட்டனார் காலத்துத் துப்பாக்கியின் குழலில் நெளிநெளியான கோடுகள் தெரிந்தால், அது இரும்பும் எஃகுமாக முறுக்கிப் பற்றவைத்த பழைய டமாஸ்கஸ் குழலாயிருக்கலாம். கறுப்பு மருந்துக்காகச் செய்யப்பட்டது அது. அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். இக்காலத் தோட்டாவைப் போட்டுச் சுடலாகாது.

5. வேறு வேறு போர்களை ஒப்பிடும் நாளில் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். இருபது போர்த் தோட்டா ஒன்று தவறிப் பன்னிரண்டு போர்க் குழலில் விழுந்தால், அது கீழே விழாமல் அறையைக் கடந்து குழலுக்குள் சிக்கி நிற்கும். அறை காலியாகவே தெரியும். சுடுபவர் விசை வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பன்னிரண்டு போர்த் தோட்டாவைப் பின்னால் நுழைத்துச் சுட்டால், முன்னாலிருப்பதும் சேர்ந்து வெடித்து, குழலைத் தாங்கியிருக்கும் இடக்கை போய்விடும். இருபது போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. ஒரு போரின் சோதனை முற்றிலும் முடிந்து, மிச்சத் தோட்டாவைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பைகளையும் உதறிப் பார்த்த பிறகே அடுத்த போரின் பெட்டியைத் திறக்க வேண்டும்.

6. காகிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ரவையின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் அது அதிகபட்சம் எட்டும் தூரம் கிடைக்கும். 2.4 மி.மீ. ரவை ஏறத்தாழ 190 மீட்டர் போகும், 8.4 மி.மீ. எஸ்.ஜி. ரவையோ 670 மீட்டர் போகும். எனவே போட்டி ரவைக்கு முன்பக்கம் 300 மீட்டருக்குக் குறையாமல் ஆள் நடமாட்டமற்ற வெளி வேண்டும். தட்டுச் சுடும் களத்தில் எஸ்.ஜி., எல்.ஜி. என்னும் பெரிய ரவைகள், ஒற்றைக் குண்டு ஆகியவற்றுக்கு வேலையே இல்லை, கொண்டுவராதீர்கள்.

துப்பாக்கியின் வீச்சைக் குறைவாக மதிப்பிடுவது என்ன விளைவிக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே துயரமான உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30ஆம் தேதி நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தபோது, தொலைவிலிருந்த வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்து, சில நாட்களில் அவன் இறந்துபோனான். அது ரைபிள் குண்டு. ரவையைவிடப் பலமடங்கு தூரம் போவது. ஆயினும் சுடுகளத்தின் எல்லை என்பது வேலி நிற்கும் இடமன்று, குண்டு நிற்கும் இடம் என்பது இரண்டுக்கும் பொது. மேலும் இது பாறைச் சீமை. குடுமியான்மலை, நார்த்தாமலை என்று எங்கு திரும்பினாலும் தரையிலேயே கருங்கல் முகம் காட்டுகிறது; பாறையில் பட்ட ரவை எந்தத் திசையில் தெறிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. காட்டிலோ தோட்டத்திலோ சோதிக்கக் கூடாது என்று முன்பே சொன்னதன் காரணம் இது. ஈயம் கண்மாய்த் தண்ணீரில் சேர்வது இன்னொரு காரணம்.

சுடும் முறை

1. அதிகாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆனி, ஆடி மாதத்து மேல்காற்றில் இந்தச் சோதனை பயன்படாது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்றே 36.6 மீட்டரில் சிறு ரவையை ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிவிடும்.

2. தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த தோட்டாவின் அழுத்தம் உயர்ந்து, அதன் நடத்தை மற்றவற்றோடு ஒப்பிடத் தகாததாகிவிடும்.

3. குழல்வாயிலிருந்து காகிதம் வரை 36.6 மீட்டரை நாடாவால் அளந்து, நிற்குமிடத்தில் முளை அடித்துவையுங்கள். காலடியால் அளப்பது வேண்டாம்.

4. காகிதத்தின் நடுவில் கைப்பிடி அளவான கரும்புள்ளி வரையுங்கள். மூலையில் நாள், போர், எந்தக் குழல், என்ன சோக், தோட்டாவின் பெயர், எடை, ரவை அளவு ஆகியவற்றைச் சுடுவதற்கு முன்பே எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்ட காகிதங்கள் ஒன்றோடொன்று கலந்துபோவது உறுதி.

5. எல்லோரும் சுடுபவருக்குப் பின்னால் வந்தபின், ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, புள்ளியை நோக்கி நிதானமாகச் சுடுங்கள்.

6. துப்பாக்கியைத் திறந்து, காலியென்று உரக்கச் சொல்லி, துப்பாக்கித் தாங்கியில் வைத்த பிறகே காகிதம் மாற்றப் போக வேண்டும். ஒரு காகிதத்தில் ஒரு வேட்டு மட்டுமே.

7. விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்குத் திசையிலேயே முப்பது விநாடி பிடித்திருந்து பிறகு திறங்கள். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய ஓசையோடு வெடித்தால், அடுத்ததைப் போடுமுன் குழலுக்குள் அடைப்பு சிக்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

8. ஒரு குழலுக்கு ஐந்து காகிதம் ஆனதும் மற்றக் குழலுக்குப் போங்கள். இரட்டைக் குழலில் இரண்டும் வெவ்வேறு சோக்காயிருப்பது வழக்கமாகையால், இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது.

எண்ணும் முறை

வீட்டுக்கு வந்து காகிதத்தைத் தரையில் விரியுங்கள். பலரும் செய்யும் முதல் பிழை, கரும்புள்ளியையே மையமாகக் கொண்டு வட்டம் போடுவது. ரவை எங்கே அதிகம் நெருங்கியிருக்கிறதோ அந்த இடத்தைக் கண்ணால் மதித்து, அங்கே ஆணியை ஊன்றி 38 சென்டிமீட்டர் நூலால் வட்டம் வரைய வேண்டும். அந்த மையத்துக்கும் கரும்புள்ளிக்கும் உள்ள இடைவெளியைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அது துப்பாக்கி உங்கள் தோளுக்குப் பொருந்தும் விஷயத்தைச் சேர்ந்தது. டிராப் துப்பாக்கி சற்று மேலே சுடுவது குறையன்று. எழும்பிப் பறக்கும் தட்டுக்காக அப்படித்தான் செய்கிறார்கள்.

வட்டத்தை நான்காகப் பிரித்து, எண்ணிய துளைமேல் பேனாவால் கோடிட்டுக்கொண்டே போங்கள். தோட்டாவில் மொத்தம் எத்தனை ரவை என்பதற்காகத் தோட்டாவைப் பிரிக்கவே வேண்டாம். மேலே தந்த எண்களே போதும். எடுத்துக்காட்டாக, 24 கிராம் பன்னிரண்டு போர்த் தோட்டாவுக்கு ஐந்து காகிதங்களில் 204, 213, 196, 221, 206 துளைகள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 208. மொத்தம் 300 ஆகையால் 69 சதவீதம். இது முழுச் சோக்குக்குரிய நடத்தை. ஒரே காகிதத்தைப் பார்த்து 221 என்றோ 196 என்றோ தீர்ப்புச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இனி அட்டைத் துண்டை எடுங்கள். அதை வட்டத்துக்குள் பல இடங்களில், பல சாய்வுகளில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் அதன்கீழ் ஒரு துளையும் அகப்படவில்லையோ அங்கெல்லாம் தட்டு உடையாமல் தப்பியிருக்கும். சதவீதம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு தோட்டாக்களில், ஒன்று நடுவில் குவித்து ஓரத்தை வெறுமையாக விட்டிருப்பதும், மற்றது சீராகத் தூவியிருப்பதும் இந்த அட்டையால்தான் புலப்படும்.

தூரமும் போரும்

வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,540 சதுர சென்டிமீட்டர். பக்கவாட்டில் தெரியும் தட்டின் பரப்பு 27.5. வட்டத்துக்குள் 200 ரவை இருந்தால், தட்டின் விளிம்பு மட்டும் தெரிகிற மோசமான நிலையிலும் சராசரியாக ஒரு ரவை அதன்மேல் படும். இந்த 200ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு, முழுச் சோக்கின் சதவீதம் 27 மீட்டரில் 92, 32 மீட்டரில் 81, 36.6இல் 70, 41இல் 59, 46இல் 49 என்று ஏறத்தாழக் குறைந்துவரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், போர்களின் ஒப்பீடு தானே முடிந்துவிடுகிறது.

பன்னிரண்டு போரின் 24 கிராம் தோட்டா 36.6 மீட்டரில் 210 ரவையைத் தருகிறது. 41 மீட்டரில் 177தான். 32 கிராம் தோட்டாவானால் 46 மீட்டர் வரைக்கும் அளவுகோலை ஒட்டியே நிற்கும். ஆனால் சர்வதேசப் போட்டி விதி 24 கிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. இருபது போரும் அதே 24 கிராமைச் சுமந்து, காகிதத்தின்மேல் பன்னிரண்டுக்குச் சமமாகவே தோன்றும். ரவை நசுங்குவதால் ஏற்படும் இழப்பை உங்கள் காகிதங்களே சொல்லட்டும். பதினாறு போர் நம் நாட்டில் தோட்டா கிடைக்காமல் வாடும் நல்ல துப்பாக்கி, அவ்வளவுதான். இருபத்தெட்டு போர் 32 மீட்டரில் 214 தந்து, 36.6இல் 185ஆக இறங்குகிறது.

பாயிண்ட் 410இன் சங்கதி வேறு. அதன் தோட்டாவில் மொத்தமே 176 ரவைகள்தாம். ஆகவே எந்தத் தூரத்திலும் அந்த 76 சென்டிமீட்டர் வட்டத்தை அது நிரப்புவதில்லை. ஏறத்தாழ 20 மீட்டரில், ரவை இன்னும் ஒரு முழ அகலத்துக்குள் திரண்டிருக்கும்போது, அது தட்டைப் பொடியாக்கும். ஆனால் குறி அந்த ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். உதைப்பு இல்லையென்று சிறுவர்களுக்கும் புதியவர்களுக்கும் இதை முதலில் கையில் கொடுப்பது ஒரு பரவலான வழக்கம். அது தவறென்றே நான் கருதுகிறேன்: கற்பவனுக்கு மிகக் கடினமான துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, அவன் தட்டுகளைத் தவறவிடுவதைக் கண்டு அவனிடம் திறமை இல்லை என்று முடிவுகட்டுகிறோம். கனமான இருபது போரில் லேசான தோட்டாவைப் போட்டுக் கொடுத்தால் உதைப்பும் தணியும், தட்டும் உடையும்.

டிராப்பில் சுடுபவர், தட்டு புறப்படும் பள்ளத்துக்குப் பின்னால் 15 மீட்டரில் நிற்கிறார். தட்டு அவரைவிட்டு விலகிப் பறக்கிறது. முதல் வேட்டு அதை 30 முதல் 35 மீட்டரில் எட்டுகிறது. தவறினால் இரண்டாவது வேட்டு எட்டும்போது 40ஐ நெருங்கிவிடும். மேற்கண்ட எண்களோடு இதை ஒத்துப் பார்த்தால், போட்டிக்காரர்கள் எல்லோரும் பன்னிரண்டு போரையே பிடித்திருப்பதற்குக் காரணம் விளங்கும். பன்னிரண்டுக்கு மேற்பட்ட துளைக்குத் தடை உண்டு. சிறியதைக் கொண்டுவரத் தடை இல்லை, சலுகையும் இல்லை. முதற்குழலில் அரை அல்லது முக்கால், இரண்டாவதில் முழுச் சோக் என்பது வழக்கமான ஏற்பாடு.

அடிக்கடி நேரும் பிழைகள்

- கிட்டத்துக்கும் முழுச் சோக்கே நல்லது என்று எண்ணுவது. 18 மீட்டரில் முழுச் சோக்கின் பரவல் மொத்தமே 41 சென்டிமீட்டர்தான். நேர்க்குழலில் அது 81. கிட்டத்தில் பறக்கும் ஸ்கீட் போட்டித் தட்டுக்கு முழுச் சோக் ஒரு தண்டனை.
- குழலின் நீளத்தைப் பரவலோடு சம்பந்தப்படுத்துவது. நீண்ட குழல் வீசும்போது கையில் நிலைப்படும், குறி பார்க்க வசதி. ரவை அதனால் நெருங்குவதுமில்லை, தூரம் போவதுமில்லை.
- ஒரு தோட்டாவில் கிடைத்த முடிவை வேறொரு தோட்டாவுக்கும் பொருத்துவது. கிர்க்கித் தோட்டாத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவில் பழகிவிட்டு, போட்டி நெருங்குகையில் இறக்குமதித் தோட்டாவுக்கு மாறுகிறவர், மாறிய அன்றே ஐந்து காகிதங்களைச் செலவழிக்க வேண்டும்.
- காகிதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைப்பது. ரவைக் கூட்டம் தட்டையான வட்டமாகப் பறப்பதில்லை. 36 மீட்டரில் அதன் முன்னணிக்கும் பின்னணிக்கும் இடையே இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் நீளம் இருக்கும். நிற்கும் காகிதத்தில் எல்லாம் ஒன்றாகப் பதிகின்றன. பறக்கும் தட்டு பின்தங்கிய ரவைக்காகக் காத்திருப்பதில்லை. ரவை அதிகமாக நசுங்கும் சிறிய போர்களுக்குக் காகிதம் காட்டும் கணக்கு சற்றுத் தாராளமானது என்று கொள்ளுங்கள்.
- தோட்டா அறையில் இருக்கும்போது குழல்வாயில் திருகிப் பொருத்தும் சோக்கைக் கழற்றுவது. இதைச் செய்தவரைக் களத்திலிருந்து அன்றே வெளியேற்ற வேண்டும்.

முடித்தபின்

துப்பாக்கியைத் திறந்த நிலையிலேயே உறைக்குள் வைக்கும் இடம்வரை கொண்டு செல்லுங்கள். குழல் ஆறியபின் துடைத்து, சோக்குக்கு முன்னால் படியும் பிளாஸ்டிக்கையும் ஈயத்தையும் பித்தளைத் தூரிகையால் நீக்கி, லேசாக எண்ணெய் இடுங்கள். படிவு ஏறினால் அடுத்த முறை பரவல் மாறும், மாறியது ஏனென்றும் தெரியாது. செலவான தோட்டாக்களின் எண்ணிக்கையை அன்றே பதிவேட்டில் எழுதுங்கள். உரிமம் புதுப்பிக்கப் போகும்போது கேட்பார்கள். காகிதங்களைச் சுருட்டி, போர்வாரியாகக் கட்டி வையுங்கள். கையையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவுமுன் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க வேண்டாம். விரலில் ஒட்டியிருப்பது ஈயம். சுடுகளத்தில் உடுத்திய சட்டையையும் வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்கச் சொல்லுங்கள், கைக்குழந்தை உள்ள வீடானால் இதில் தவறவே கூடாது.